வீட்டுப் பட்டறையில் துப்பாக்கி ரிப்பேர்: பாலிசி எந்த இடத்தில் கைவிடும்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டியே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். ஒஹாயோவில் சின்ன ஊர் இது. இலையுதிர் காலம் வந்துவிட்டால் மான் வேட்டைக்கு ஆள் கிளம்பாத வீடு குறைவு. தெரிந்தவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் சும்மா சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், மூணு வருஷத்துக்கு முன்னால் கூட்டரசு லைசென்ஸ் வாங்கி அதையே முறையான தொழிலாக ஆரம்பித்தார். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கராஜ்தான் பட்டறை.

போன மாதம் ஒரு காகிதக் கட்டோடு வந்து நின்றார். வீட்டுக் காப்பீடு புதுப்பிக்க வேண்டிய நேரம். கூட ஒரு கேள்வித்தாள் வந்திருக்கிறது. அதில் ஒரு கேள்வி, வளாகத்தில் ஏதாவது தொழில் நடக்கிறதா என்று. "என்ன எழுதுறது? உனக்குத்தான் இந்த மாதிரி காகிதமெல்லாம் படிக்கிற வியாதி இருக்கே" என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் சொந்த வீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை எச்ஓ-3 என்ற மாதிரிப் படிவத்தை ஒட்டியவை. ஐஎஸ்ஓ என்ற நிறுவனம் அதை எழுதுகிறது. கம்பெனிகள் அப்படியே எடுத்தோ கொஞ்சம் மாற்றியோ விற்கின்றன. பெரியவருடையது 2011 பதிப்பை ஒட்டியது. கீழே வரும் எண்கள் அந்தப் பதிப்பின் எண்கள். உங்கள் பாலிசியில் வேறு மாதிரி இருக்கலாம், மாநிலத்துக்கு மாநிலம் திருத்தமும் உண்டு.

நான் படிக்க ஆரம்பித்தபோது தேடியது "துப்பாக்கி" என்ற சொல்லை. அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வருகிறது. துப்பாக்கிகள் திருடு போனால் மொத்தமாக 2,500 டாலர் வரைதான் தருவோம் என்கிற இடம். நகைக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் வரம்பு வைத்திருப்பதைப் போல இதற்கும் ஒன்று, அவ்வளவுதான். வேட்டைக்காரன் என்பதற்காகவோ, பத்துத் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்பதற்காகவோ அந்தப் படிவம் யாரையும் ஒதுக்கவில்லை. பாலிசி பயப்படுவது துப்பாக்கிக்கு இல்லை, "தொழில்" என்ற சொல்லுக்கு. பெரியவர் டைப்ரைட்டர் ரிப்பேர் செய்திருந்தாலும் இதே ஓட்டைகள் இருக்கும். துப்பாக்கி என்பதால் அந்த ஓட்டை வழியாக விழுகிற கல் பெரிசு.

அந்தத் "தொழில்" என்ற சொல்லுக்குப் படிவம் கொடுக்கும் விளக்கத்தை மூணு தடவை படித்தேன். இரண்டு பிரிவு. முதல் பிரிவு: முழுநேரமோ, பகுதிநேரமோ, எப்போதாவதோ செய்கிற எந்தத் தொழிலும் உத்தியோகமும் தொழில்தான். இரண்டாவது பிரிவு: காசுக்காகச் செய்கிற மற்ற எந்தக் காரியமும் தொழில்தான், சில விதிவிலக்கு நீங்கலாக. பாலிசிக் காலம் தொடங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் மொத்தமாக 2,000 டாலருக்கு மேல் கூலி வாங்காத காரியங்கள் அந்த விதிவிலக்குகளில் ஒன்று.

இந்த 2,000 டாலரைப் பிடித்துக்கொண்டுதான் பலபேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். "நான் வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறுதான் பார்க்கிறேன், எனக்கு ஒண்ணும் வராது." இரண்டு சிக்கல். ஒன்று, அது வாங்கிய கூலியின் மொத்தம்; உதிரிபாகச் செலவு, கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுகிற லாபம் இல்லை. இரண்டாவது சிக்கல்தான் பெரிசு. விதிவிலக்கு ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது பிரிவில் மட்டும். நீங்கள் செய்வது ஒரு "டிரேட்" என்று ஆகிவிட்டால், நீங்கள் முதல் பிரிவில் மாட்டுகிறீர்கள். அங்கே எப்போதாவது செய்தாலும் தொழில்தான். தொகை எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது.

இங்கேதான் லைசென்ஸ் வருகிறது. 1968-ஆம் வருஷத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பிழைப்பும் லாபமும் பிரதான நோக்கமாக வைத்து, வழக்கமான தொழிலாகத் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவருக்குக் கூட்டரசு லைசென்ஸ் வேண்டும். எப்போதாவது ஒரு ரிப்பேர், எப்போதாவது ஒரு பீப்பாயோ கட்டையோ மாட்டிக் கொடுப்பது, இதற்கெல்லாம் வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஒருவர் விண்ணப்பம் போட்டு, மூணு வருஷத்துக்கு 200 டாலர் கட்டி, ஏடிஎஃப் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துப் போய், கையில் லைசென்ஸ் வாங்குகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? "நான் எப்போதாவது செய்கிறவன் இல்லை, இது என் தொழில்" என்று அவரே கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டார். போதாததுக்கு, லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியலை ஏடிஎஃப் விலாசத்தோடு வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். க்ளெய்ம் விசாரிக்க வருகிறவருக்கு இதைத் தேட ஐந்து நிமிஷம் ஆகாது. (திருடனுக்கும் ஆகாது, அது வேறு கதை.)

வரிக் கணக்கும் அப்படித்தான். ஷெட்யூல் சி-யில் வருமானம் காட்டி, கராஜுக்கு வீட்டு அலுவலகக் கழிவும் கேட்டிருக்கிறார் பெரியவர். அந்தக் கழிவு கேட்பதற்கு நிபந்தனையே, அந்த இடம் தொடர்ந்து தொழிலுக்காக மட்டும் பயன்படுகிறது என்பதுதான். வரி ஆபீசுக்குத் தொழில், காப்பீட்டுக் கம்பெனிக்குப் பொழுதுபோக்கு என்று இரண்டு வாயால் பேச முடியாது. சட்டத்தை ஒழுங்காக மதிக்கிற ஆளுக்குத்தான் இந்தக் கயிறு இறுக்கமாக விழுகிறது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது, ஆனால் காகிதம் அப்படித்தான் இருக்கிறது.

சரி, தொழில் என்று ஆகிவிட்டது. இனி என்னென்ன போகும்?

பெரியவர் பயந்தது வீடு எரிந்தால் ஒன்றுமே கிடைக்காது என்று. அது அப்படி இல்லை. குடியிருக்கும் கட்டடத்துக்கான பகுதியில், உள்ளே ஒரு தொழில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தீ விபத்துப் பணத்தை மறுக்கும் வாசகம் அந்தப் படிவத்தில் இல்லை. ஆபத்து வேறு வழியில் வரும். முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய் சொன்னாலோ பாதுகாப்பு கிடையாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதாவது, அந்தக் கேள்வித்தாளில் "இல்லை" என்று எழுதினால் கராஜ் மட்டும் இல்லை, வீடே ஆபத்தில் மாட்டும். வருஷக்கணக்குக்கு முன்னால் பாலிசி எடுத்தபோது "இல்லை" என்று எழுதியது அன்றைக்கு உண்மை. இன்றைக்கு எழுதினால் பொய். எந்தப் பொய்க்கு எவ்வளவு தண்டனை என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது, ஆனால் 2,500 டாலர் விஷயத்தைக் காப்பாற்ற வீட்டைப் பணயம் வைக்கிற கணக்கு இது.

அடுத்தது கராஜ். இதுதான் எனக்கே அதிர்ச்சி. வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற கட்டடங்களுக்கு ஒரு தனிப் பகுதி உண்டு. வழக்கமாக வீட்டுத் தொகையில் 10 சதவீதம். ஆனால் எந்தத் தனிக் கட்டடத்திலிருந்து தொழில் நடக்கிறதோ அந்தக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. தொகைக் குறைப்பு இல்லை, சுத்தமாக இல்லை. பெரியவர் பட்டறையைப் பின்னால் தள்ளி வைத்ததே பாதுகாப்புக்காகத்தான். பேரப்பிள்ளைகள் வருகிற வீட்டில் ரசாயனமும் மருந்தும் வேண்டாம் என்று. நிலவறையில் வைத்திருந்தால் அந்தச் சுவர்களுக்காவது காசு வந்திருக்கும். புத்தியாகத் தள்ளி வைத்ததால் கட்டடமே கணக்கில் இல்லாமல் போய்விட்டது.

கராஜுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கவலை இன்னும் கூடும். கட்டைக்கு லின்சீட் எண்ணெய் தேய்த்த துணி. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை. உலோகத்துக்குக் கருநீல நிறம் ஏற்றும் தொட்டி. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. கிரீஸ் போக்கும் திரவங்கள். குண்டு அடைக்கிற மருந்து. வீடுகளில் புகையில்லா மருந்து 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம் என்பது என்எஃப்பிஏ 495 தீப்பாதுகாப்பு விதி. ஊருக்கு ஊர் அதை ஏற்றிருக்கிற விதம் மாறும். நாற்பதாயிரம் டாலர் பட்டறையைக் காப்பீடே இல்லாமல் இப்படிப்பட்ட சாமான்களோடு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

லேத், மில்லிங் மெஷின், கருவிகள்? தொழிலுக்கென்றே பயன்படுகிற சாமான்களுக்கு வளாகத்துக்குள் 2,500 டாலர், வெளியே போனால் 1,500. ஒரு பழைய லேத்துக்கே அது காணாது.

வாடிக்கையாளர்களின் துப்பாக்கிகளுக்கு வருவோம். பெரியவரின் இரும்புப் பெட்டியில் எப்போதும் ஏழெட்டு இருக்கும். அவற்றில் ஒன்று யாரோ ஒருவருடைய தாத்தா 1920-களில் வாங்கிய இரட்டைக்குழல்; விலை சொன்னால் நம்பமாட்டீர்கள். அடுத்தவர் பொருள் ரிப்பேருக்காக நம் கையில் இருக்கும்போது கெட்டாலோ காணாமல் போனாலோ அது யார் கணக்கு? சொத்துப் பகுதியில் தொழில் சாமான் வரம்பும், திருட்டு என்றால் துப்பாக்கி வரம்பும் குறுக்கே நிற்கும். பொறுப்புப் பகுதிக்குப் போனால், உன் பராமரிப்பில் இருக்கிற பொருளுக்கு நேர்ந்த சேதம் எங்கள் வேலை இல்லை என்கிறது. இரண்டு கதவும் சாத்தியாச்சு.

இந்த இடத்தில் லைசென்ஸ் விதிகள் மறுபடி வந்து முடிச்சுப் போடுகின்றன. ராத்தங்கலாக நம்மிடம் விடப்படும் ஒவ்வொரு துப்பாக்கியையும் வரவு–செலவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கும்போதே அன்றைக்கே முடித்துக் கொடுத்தால் தேவையில்லை. காணாமல் போனால் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். ஆகவே திருட்டு நடந்த மூணாம் நாள், "ரிப்பேர் தொழிலுக்கு வந்த ஆறு துப்பாக்கி திருடு போயின" என்று அரசாங்கப் படிவத்தில் அவர் கைப்படவே எழுதியிருக்கும். காப்பீட்டுக் கம்பெனியிடம் வேறு கதை சொல்ல இடமே இல்லை. சொல்லவும் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் சாமான் நஷ்டம். சாமானுக்கு ஒரு விலை உண்டு, அதற்கு மேல் போகாது. மனிதருக்குக் காயம் பட்டால் அப்படி இல்லை.

வீட்டுப் பாலிசியின் பொறுப்புப் பகுதி நல்ல பொருள். உங்கள் நாய் கடித்தாலோ, விருந்துக்கு வந்தவர் படியில் விழுந்தாலோ, வழக்குப் போட்டால் கம்பெனி நஷ்ட ஈடு தருவதோடு வக்கீலையும் அதுவே வைத்து வாதாடும். ஆனால் காப்பீடு பெற்றவர் நடத்துகிற தொழிலால், அல்லது தொழிலோடு தொடர்பாக, ஏற்பட்ட காயம் என்றால் அந்தப் பகுதி விலகிக்கொள்கிறது. "தொடர்பாக" என்ற சொல்லின் அகலத்தைக் கவனியுங்கள். சீர்செய்த துப்பாக்கியை வாங்கிப்போக வந்தவர் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாலே அது தொழில் தொடர்பானது என்று வாதிட இடம் இருக்கிறது. அதே ஆள் காபி குடிக்க வந்து விழுந்திருந்தால் பணம் வந்திருக்கும். மேலே கூடுதலாக அம்ப்ரெல்லா பாலிசி எடுத்திருந்தாலும், அதிலும் தொழிலுக்கு விலக்கு இருப்பதுதான் வழக்கம்.

பனியாவது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. என்னைத் தூங்கவிடாமல் செய்தது முடித்துக் கொடுத்த வேலை. ஒரு ரைஃபிளின் ட்ரிகர் கனமாக இருக்கிறது, லேசாக்கிக் கொடு என்று கேட்கிறார்கள். மிகவும் வழக்கமான வேலை. உள்ளே சியர் என்ற சின்னக் கொக்கிதான் சுத்தியலைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கொக்கியின் பிடிப்பைக் குறைத்தால் ட்ரிகர் லேசாகும். அளவுக்கு மேல் குறைத்தால், துப்பாக்கி கைதவறி விழுந்தாலே வெடிக்கும். அன்றைக்குச் சரியாக இருந்தது, இரண்டு வருஷத்தில் தேய்ந்து அந்த நிலைக்கு வந்தது என்றும் ஆகலாம். நடுவில் இன்னொருவர் கைவைத்திருக்கலாம். எப்படியானாலும் வரவு–செலவுப் புத்தகத்தில் பெரியவரின் வரி இருக்கிறது, தேதியோடு. வழக்குப் போடுகிறவர் எல்லோரையும் சேர்த்துப் போடுவார். பெரியவர் மேல் தப்பே இல்லை என்று கடைசியில் தீர்ப்பு வந்தாலும், அதுவரை வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியது அவர் கைக்காசு. வீட்டுப் பாலிசி வாதாடவும் வராது.

"துப்பாக்கிக்காரங்க மேல கேஸ் போட முடியாதுன்னு ஒரு சட்டம் இருக்கே" என்றார். இருக்கிறது, 2005-இல் வந்தது. யாரோ ஒருவன் துப்பாக்கியை எடுத்துக் குற்றம் செய்தால், அதற்காகத் தயாரிப்பாளரையும் விற்றவரையும் இழுக்கக் கூடாது என்பதுதான் அதன் மையம். நீங்கள் செதுக்கிய சியர் வழுக்கி ஒருவர் காலில் குண்டு பாய்ந்தால், அது மூன்றாம் ஆளின் குற்றம் இல்லை, உங்கள் வேலை. அந்தச் சட்டம் இதற்குக் கவசம் இல்லை.

எல்எல்சி ஆரம்பித்துவிட்டால் வீடு தப்பிக்கும் என்று இன்னொரு நம்பிக்கை. கம்பெனியின் கடனுக்கு உங்களைப் பிடிக்க மாட்டார்கள், சரி. ஆனால் அஜாக்கிரதையாக வேலை செய்த கை உங்கள் கை என்றால், உங்கள் மேலேயே நேராக வழக்குப் போடலாம். எல்எல்சி நடுவில் வந்து நிற்காது. போதாததுக்கு வீட்டுப் பாலிசி உங்கள் பேரில் இருக்கிறது. லேத்தை எல்எல்சி பேருக்கு மாற்றினால் அந்த 2,500 டாலரும் சந்தேகம்தான்.

என்னதான் செய்வது? வீட்டுப் பாலிசியோடு ஒட்டுகிற இணைப்புகள் உண்டு. தொழில் சாமான் வரம்பை உயர்த்த ஒன்று, வளாகத்தில் சிறு தொழிலை அனுமதிக்க ஒன்று, வீட்டுத் தொழிலுக்கென்றே விரிவாக ஒன்று. தையல், டியூஷன், கணக்கு எழுதுவது என்றால் இவை போதும். துப்பாக்கி என்றதும் பல கம்பெனிகள் கையை விரித்துவிடும். ஆகவே பெரும்பாலும் தனியாக வணிகப் பாலிசிதான். லைசென்ஸ் வைத்திருக்கும் துப்பாக்கித் தொழிலாளர்களுக்கென்றே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கும்போது நான் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. முடித்துக் கொடுத்த வேலையால் பின்னால் வரும் காயத்துக்கு இதில் பாதுகாப்பு இருக்கிறதா? வாடிக்கையாளர் பொருளுக்குத் தனியாக எழுதியிருக்கிறதா? சாதாரண வணிகப் பொறுப்புப் பாலிசியும் கையில் இருக்கிற அடுத்தவர் பொருளை ஒதுக்கத்தான் செய்கிறது, அதனால் பெய்லி பாதுகாப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். கராஜ் கட்டடம் இதில் வருமா? ட்ரிகர் வேலை, பீப்பாய் மாற்றுவது, பரிசோதனைக்குச் சுடுவது, இதில் எதையாவது பின்பக்கத்தில் விலக்கியிருக்கிறார்களா? விபத்து நடந்த தேதி கணக்கா, க்ளெய்ம் வந்த தேதி கணக்கா? கடைசிக் கேள்வி வயசானவருக்கு முக்கியம். க்ளெய்ம் வந்த தேதிதான் கணக்கு என்றால், பட்டறையை மூடி பாலிசியை நிறுத்திய அடுத்த வருஷம் பழைய ரைஃபிள் ஒன்றால் வழக்கு வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. நீட்டிப்புக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வீட்டுக் கம்பெனி புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லலாம். வீட்டுக்கடன் இருக்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: காப்பீடு இல்லாமல் போனால் வங்கி தானே ஒரு பாலிசியைப் போட்டு, அந்தக் கனமான பிரீமியத்தை நம் தலையில் கட்டும், அதுவும் வங்கியின் பணத்தைக் காப்பாற்றத்தான். புதுசு கையில் வந்த பிறகே பழசை விட வேண்டும்.

பெரியவர் கேள்வித்தாளில் "ஆம்" என்று எழுதி, லைசென்ஸ் நகலையும் வைத்து அனுப்பினார். நான் போஸ்ட் ஆபீஸ் வரை கூடப் போனேன். அதுக்கு முந்தின வாரமே பெட்டியில் இருந்த துப்பாக்கிகளை உரியவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரிப்பேருக்குக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவதற்கு 4473 படிவம் தேவையில்லை; புத்தகத்தில் எழுதினால் போதும், எழுதினார். அந்த இரட்டைக்குழலின் சொந்தக்காரர் மட்டும் வேலையை முடித்துக் கொடுங்களேன் என்று கெஞ்சியிருக்கிறார். பாலிசி வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம். ஒன்று வந்திருக்கிறது, பிரீமியத்தைப் பார்த்துவிட்டு, இந்த வேலையில் இவ்வளவு கட்டிவிட்டு மிச்சம் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். லேத் மேல் ஒரு போர்வை கிடக்கிறது.